86-க்கு டர்போ வேண்டாம், இன்னொரு ஜிஆர்எம்என் வேண்டும்

டொயோட்டா 86 விற்பனைக்கு வந்தது 2012-இல். அதற்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த, இன்னும் வேகமான பதிப்பு ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை. காரின் இரண்டாம் தலைமுறையே வந்துவிட்டது, பெயர் ஜிஆர்86 என்று மாறிவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. எங்காவது ஒரு சோதனைக் கார் படம் கசிந்தால் போதும், "இந்த முறை நிச்சயம் டர்போதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கும் இந்தக் காரின் வலிமையான பதிப்பு ஒன்று வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் அது டர்போ வழியில் வந்தால் இந்தக் கார் எதற்காகப் பிறந்ததோ அதைப் பாதி இழந்துவிடும் என்று நினைக்கிறேன். வேறு வழி இருக்கிறது. டொயோட்டாவே ஒரு முறை, ஜிஆர்எம்என் என்ற சிறப்புப் பதிப்பில், அந்த வழியில் போய்க் காட்டியிருக்கிறது.

இந்தக் கார் இந்தியாவில் விற்பனைக்கு இல்லை, அதனால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய கார் இது. சுபாருவின் பெயரில் வருவது பிஆர்இசட். இரண்டுமே ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள சுபாரு ஆலையில்தான் தயாராகின்றன. முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் ஆறு கியர். 86 என்ற எண் 1983-இல் வந்த ஏஇ86 கொரோலாவிலிருந்து வந்தது. கெய்ச்சி சுச்சியா போன்றவர்கள் மலைச்சாலைகளில் சறுக்கி ஓட்டிப் புகழ்பெற்ற அந்த 1.6 லிட்டர் கார்தான்.

முதல் 86-இன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா, ஆரம்பத்திலேயே மூன்று விஷயங்களை ஒதுக்கிவிட்டார். டர்போ கிடையாது, நான்கு சக்கர இயக்கம் கிடையாது, சாலையைக் கவ்விப் பிடிக்கும் அகல டயர் கிடையாது. அதனால்தான் டொயோட்டாவின் சிக்கனமான ஹைப்ரிட் காரான ப்ரியஸில் பார்க்கும் வகை டயரோடு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பலர் இதைச் செலவு மிச்சம் பிடிக்கும் வேலை என்று எழுதினார்கள். அது அப்படியல்ல. பிடிமானம் குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் என்ன செய்கிறது என்று ஓட்டுபவரின் கைக்கும் முதுகுக்கும் தெரியும். பின்பக்கம் மெல்ல நழுவுவதை உணர்ந்து, ஆக்சிலரேட்டரால் சரிசெய்ய முடியும். மணிக்கு 200 கிலோமீட்டரில் போனால்தான் கிடைக்கும் ஒரு அனுபவத்தை 60-இல் கொடுத்த கார் இது.

இந்த அடித்தளத்தை மறந்துவிட்டு எண்களை மட்டும் பார்த்தால், முதல் 86 ஏமாற்றமாகத்தான் தெரியும். இரண்டு லிட்டர், 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதனால்தான் மக்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். காத்திருப்புக்கு எண்ணெய் ஊற்றியதில் சுபாருவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2015 நியூயார்க் கண்காட்சியில் தங்கள் பந்தயப் பிரிவான எஸ்டிஐ பெயரில் ஒரு பிஆர்இசட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே இருந்தது அவர்களுடைய ஜிடி300 பந்தயக் காரின் எஞ்சின். அது விற்பனைக்கு வரவில்லை. பிறகு 2017-இல் பெரிய இறக்கையோடு, எஸ்டிஐ முத்திரையோடு ஒரு முன்னோட்டப் படம். டர்போ வந்துவிட்டது என்று உலகமே நினைத்தது. திரை விலகியபோது அது பிஆர்இசட் டிஎஸ், அமெரிக்காவுக்கு 500 கார்கள் மட்டும். ஸ்பிரிங், அதிர்வைத் தணிக்கும் டாம்பர், பிரெம்போ பிரேக், கார்பன் இறக்கை எல்லாம் இருந்தன. எஞ்சினில் ஒரு குதிரை கூட கூடவில்லை. இரண்டாம் தலைமுறையிலும் 2023-இல் ஒரு டிஎஸ் அறிவித்தார்கள். அதிலும் டாம்பரும் பிரேக்கும் மாறின, எஞ்சின் மாறவில்லை.

கோபப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எஸ்டிஐ என்ற மூன்று எழுத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த எழுத்தைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு ஸ்பிரிங்கைக் கொடுத்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

சரி, டர்போ கேட்பவர்களின் வாதத்தில் வலுவானது எது? எஞ்சின் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான். இப்போதைய ஜிஆர்86-இல் இருக்கும் 2.4 லிட்டர் எஃப்ஏ24 எஞ்சினின் டர்போ வடிவம் சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் காரில் ஓடுகிறது. ஜப்பானில் அது 275 குதிரைத்திறன், 375 நியூட்டன் மீட்டர். அதைத் தூக்கி இதில் வைத்தால் வேலை முடிந்ததே என்கிறார்கள்.

முடியாது. ஏன் என்று பானட்டைத் திறந்து பார்த்தால் புரியும். இந்தக் காரில் இருப்பது பாக்ஸர் எஞ்சின். அதில் சிலிண்டர்கள் நிற்காமல் இருபுறமும் படுத்துக் கிடக்கின்றன. அதனால் எஞ்சினின் உயரம் குறைவு. 86-இல் அதை இன்னும் கீழே இறக்கி, இன்னும் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் அச்சுத் தண்டுகள் இல்லாததால் அது முடிந்தது. காரின் எடை மையம் தரையோடு ஒட்டி இருப்பதற்கு இதுதான் காரணம். டபிள்யூஆர்எக்ஸ் எஞ்சினிலோ டர்போ அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் இருக்கிறது. அந்தக் காரின் பானட்டில் பெரிய காற்றுத் துளை இருப்பது அதற்காகத்தான். கீழே டர்போவுக்கு இடம் வேண்டும் என்றால் எஞ்சினை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் பானட் உயரும், எடை மையம் உயரும். பிறகு அந்த 375 நியூட்டன் மீட்டரைத் தாங்க கியர்பாக்ஸ், கிளட்ச், டிஃபரன்ஷியல் எல்லாம் பெரிதாக வேண்டும். அதை நிறுத்தப் பெரிய பிரேக், தரையில் இறக்க அகல டயர், குளிர்விக்கப் பெரிய ரேடியேட்டர். ஒவ்வொன்றும் கொஞ்சம் எடை, கொஞ்சம் விலை. கடைசியில் டாடா ஒதுக்கிய மூன்றில் இரண்டு உள்ளே வந்துவிடும்.

இன்னொரு கூட்டம், டொயோட்டாவின் சிறிய வேகக் காரான ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் டர்போவைக் கை காட்டுகிறது. 1.6 லிட்டரில் 300 குதிரைத்திறனைத் தாண்டும் அற்புதமான எஞ்சின் அது, மறுக்கவே முடியாது. 2022-இல் ஜப்பானின் சூப்பர் டைக்யூ பந்தயத் தொடரில் டொயோட்டா ஒரு ஜிஆர்86-ஐ அந்த எஞ்சின் குடும்பத்தின் 1.4 லிட்டர் வடிவத்தோடும் கார்பன் சமநிலை எரிபொருளோடும் ஓட்டியது. உடனே, அடுத்த 86-இன் எஞ்சின் 1.4 டர்போதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அந்த 1.4 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பந்தய விதியில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் பிரிவைத் தீர்மானிக்கிறார்கள். 1.4-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2.38. பக்கத்தில் 2.4 லிட்டர் பிஆர்இசட்டோடு சுபாரு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு காரையும் சமமாக மோதவிட வந்த அளவு அது. அதை வைத்து ஷோரூம் காரை ஊகிப்பது சரியாக வராது. தவிர, நிற்கும் மூன்று சிலிண்டர் எஞ்சினை இந்தக் காரில் வைத்தால் பாக்ஸரின் தாழ்வான எடை மையம் போய்விடும். பந்தயத்தில் அது பரவாயில்லை.

டொயோட்டாவின் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் காரான சுப்ராவைக் காப்பாற்றத்தான் 86-ஐ அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கதையும் உண்டு. இரண்டு லிட்டர் சுப்ரா 258 குதிரைத்திறன் என்பதால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அந்த சுப்ராவே இப்போது விடைபெறுகிறது, ஆகவே இந்தக் கதைக்கு இனி வலு இல்லை.

ரசிகர்கள் கேட்டதில் நியாயமான ஒன்று இருந்தது. பழைய இரண்டு லிட்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 3,500 சுழற்சிக்கும் 4,500 சுழற்சிக்கும் இடையே முறுக்குவிசை தொய்ந்துவிடும். வளைவிலிருந்து வெளியே வரும்போது கால் அழுத்தினால் கார் ஒரு கணம் யோசிப்பது போல இருக்கும். அதை எல்லோருமே சொன்னார்கள், சொன்னது சரி. 2021-இல் வந்த பதிலைக் கவனியுங்கள். டர்போ வைக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை 86 மில்லிமீட்டரிலிருந்து 94-ஆக்கி, 2.4 லிட்டராக்கினார்கள். 235 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். அந்த உச்ச முறுக்குவிசை முன்பு 6,400-இல் வந்தது, இப்போது 3,700-லேயே வந்துவிடுகிறது. பானட், முன் ஃபெண்டர், கூரை எல்லாம் அலுமினியம். வலிமை கூடியும் எடை 1,270 கிலோ அளவிலேயே நின்றது. எனக்கு அந்த ஆண்டின் மிக அழகான பொறியியல் முடிவு அதுதான்.

இனி நான் சொல்ல வந்த காருக்கு வருகிறேன். 2016-இல் ஜப்பானில் மட்டும் 86 ஜிஆர்எம்என் என்ற பதிப்பை டொயோட்டா விற்றது. மொத்தம் 100 கார்கள். எல்எஃப்ஏ சூப்பர் காரைக் கையால் செய்த அதே மோட்டோமாச்சி பட்டறையில் செய்தார்கள். பானட், கூரை, டிக்கி மூடி கார்பன் ஃபைபர். பின்பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் பாலிகார்பனேட். பின் இருக்கை கிடையாது. முன்னால் ஆறு பிஸ்டன் பிரேக். எடை 1,210 கிலோ. எஞ்சின் அதே இரண்டு லிட்டர், டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லை. ஆனாலும் 219 குதிரைத்திறன் எடுத்தார்கள். விலை 64 லட்சத்து 80 ஆயிரம் யென், சாதாரண 86-இன் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

லிட்டருக்கு 109 குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. அதே அளவுக்கு இன்றைய 2.4 லிட்டரைத் தீட்டினால் 260 வரும். இன்றைய மாசு விதிகளில் அவ்வளவு கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம். 255 என்று வைக்கிறேன். எடையில் 40 கிலோ குறைத்து 1,230 ஆக்கினால், ஒரு குதிரைத்திறனுக்கு 4.82 கிலோ. இப்போது டபிள்யூஆர்எக்ஸ் எஞ்சின் வைத்த கற்பனைக் காரை எடுங்கள். 275 குதிரைத்திறன், நான் மேலே சொன்ன உதிரிகளுக்கெல்லாம் சேர்த்து 60 கிலோ கூடி 1,330 கிலோ என்று வைத்தால், 4.84. இரண்டும் ஒன்றுதான்! இதில் கூடுதல் எடை என் அனுமானம், கொஞ்சம் கூடலாம் குறையலாம். டர்போ காரின் முறுக்குவிசை நேர்ச்சாலையில் அதை முன்னே தள்ளும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்த 100 கிலோ வித்தியாசத்தை எந்த டர்போவும் தூக்கிச் சுமக்காது. டயர்தான் சுமக்கும்.

மஸ்தா இதைப் புரிந்துகொண்ட நிறுவனம். 2018-இல் தன் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5-இன் இரண்டு லிட்டர் எஞ்சினை டர்போ இல்லாமலே 160-இலிருந்து 184 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனார்கள். ரெட்லைனை, அதாவது எஞ்சின் சுழலக்கூடிய உச்ச வரம்பை, 6,800-இலிருந்து 7,500-க்கு ஏற்றினார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் இது வேறு கார் என்றார்கள். அப்புறம் ஜப்பானுக்கு மட்டும் 200 குதிரைத்திறனில் 12ஆர் என்ற பதிப்பு. ஆனால் அதுவும் 200 கார்கள்தான். எனக்கு வருத்தம் இந்த இடத்தில்தான். வழி தெரிந்த இரண்டு நிறுவனங்களும் அந்த வழியில் நூறு, இருநூறு காரோடு நின்றுவிடுகின்றன. மலிவு விலைக் காரை ஆசையோடு வாங்கி, பழைய டயர் தேயத் தேய ஓட்டக் கற்றுக்கொண்ட இளைஞர்களுக்கு அடுத்த படி இல்லை. குலுக்கலில் பெயர் வந்த சேகரிப்பாளரின் ஷெட்டில் அந்தக் கார் உறை போட்டு நிற்கிறது.

கார்பன் கூரை வேண்டாம், பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டாம். பின் இருக்கையைக் கழற்றுங்கள், லேசான சக்கரம் போடுங்கள், நல்ல டாம்பரும் பிரேக்கும் கொடுங்கள். எஞ்சினில் கேம், எக்ஸாஸ்ட், காற்றுப் பாதை மூன்றையும் மாற்றி இன்னும் 500 சுழற்சி மேலே போகவிடுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஜிஆர்86 உரிமையாளர்கள் பல காலமாகச் சொல்லும் ஒரு கவலை இருக்கிறது: ஒட்டும் டயரோடு நீண்ட வலது வளைவில் போகும்போது ஆயில் அழுத்தம் சரிகிறது என்பது. ஆயில் தொட்டிக்குள் நல்ல தடுப்புகளும் ஒரு ஆயில் கூலரும் ஆலையிலேயே வைத்துக் கொடுத்தால், அதுவே 20 குதிரைத்திறனைவிடப் பெரிய பரிசு. அமெரிக்காவில் 30 ஆயிரம் டாலரை ஒட்டி விற்கும் காருக்கு இன்னும் எட்டாயிரம் டாலர் கூடுதலாகக் கேட்டாலும் வரிசையில் நிற்பார்கள். பிரிட்டனில் முதல் ஒதுக்கீடு முழுவதும் 90 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்த கார் இது.

அடுத்த தலைமுறை எப்படியும் டர்போவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. டொயோட்டா புதிதாக ஒரு இரண்டு லிட்டர் டர்போவை உருவாக்கி வருகிறது. 2025 டோக்கியோ ஆட்டோ சலோனில் அதை யாரிஸின் நடுப்பகுதியில் வைத்தே காட்டினார்கள். மாசு விதிகளும் அந்தப் பக்கம்தான் தள்ளுகின்றன. அப்படியென்றால் டர்போ இல்லாத கடைசி 86 இப்போது விற்பதுதான். அதற்குள் இந்த 2.4 எஞ்சினிலிருந்து ஒரு ஜிஆர்எம்என் வர வேண்டும், நூறு காராக இல்லாமல் சில ஆயிரம் காராக.