யாருக்காக அழுதேன்?
'பதில் வராத ஜெபத்தில் முதலில் நம் நோக்கத்தைச் சோதிக்க வேண்டும்' என்று, பதில் வராத ஜெபத்தைப் பற்றி நான் வாசித்த கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது என்னை உலுக்கிவிட்டது. தவறான நோக்கத்தோடு கேட்பதால் பெறாமல் போகிறீர்கள் என்று வேதாகமத்தில் யாக்கோபு 4:3 சொல்வதும் அதைத்தானே! என் தம்பி குடியை விட வேண்டும் என்று பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தேன். ஓர் இரவுதான் புரிந்தது, அவன் படும் பாட்டைவிட, சபையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த தலைகுனிவே என்னை அழ வைத்திருக்கிறது. லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில் வரும் பரிசேயனும் (மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) ஆலயத்தில் நன்றி சொல்லித்தான் தொடங்கினான். அந்த நன்றிக்குள்ளேயே, அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த ஆயக்காரன்மீது, அதாவது வரி வசூலிப்பவன்மீது, இகழ்ச்சி இருந்தது.

ஆனால், நோக்கம் முழுவதும் தூய்மையாகும்வரை ஜெபிக்காமல் காத்திருக்கவும் கூடாது. 139-ஆம் சங்கீதத்தில் தாவீது தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனிடமே கேட்கிறாரே, அதுவும் ஜெபம்தானே? தம்பியின் பெயரைச் சொல்லும் முன் இப்போது நானும் அதையே கேட்கிறேன். அவன் இன்னும் குடியை விடவில்லை. ஆனாலும் இரவில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.