சின்சில்லா கூண்டுக்கு ஃபிளீஸ் துணியா, மரச்சீவலா?

எலி இனத்தைச் சேர்ந்த, அடர்ந்த ரோமமுள்ள சின்சில்லா என்ற சிறு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே இந்தச் சந்தேகம் வந்துவிடும். கூண்டின் அடியில் ஃபிளீஸ் துணி விரிப்பதா, மரச்சீவல் கொட்டுவதா? அமெரிக்காவிலும் கனடாவிலும் சின்சில்லா வளர்க்கிற நம்மவர்களுக்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் எது பார்க்க அழகு, எதில் நாற்றம் குறைவு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியது வயிற்றைப் பற்றி. கூண்டுக்குள் எதைப் போட்டாலும் சின்சில்லா கடித்துப் பார்க்கும். கடித்தது உள்ளே போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்ட பிறகு அழகையும் செலவையும் பார்க்கலாம்.

எலியைப் போலவே சின்சில்லாவாலும் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஃபிளீஸ் என்பது பாலியெஸ்டர், செரிக்கவே செரிக்காது. சின்னத் துண்டு புழுக்கையோடு போய்விடலாம்; நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் உள்ளே சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மரச்சீவல் அப்படியல்ல. நாலைந்து சுருளை மென்று விழுங்கினாலும் நாராகப் போய்விடும். அதனால் புதிதாக வளர்ப்பவர்கள் மரச்சீவலில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. வட அமெரிக்காவில் இருக்கும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த சிறு கூட்டத்தின் வழிவந்தவை. அவற்றைப் பெருக்குகிற பண்ணைக்காரர்கள் பலரும் இன்றைக்கும் பைன் சீவலைத்தான் போடுகிறார்கள்.

ஆனால் எந்தச் சீவல் என்பதில் கவனம் வேண்டும். சூளையில் உலர்த்திய பைன், இல்லாவிட்டால் ஆஸ்பன். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பைன் மரத்தில் வாசனை தருகிற எண்ணெய்ப் பொருட்கள் மூச்சுக்குழாயை உறுத்தும். சூளைச் சூட்டில் அவற்றில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். பையில் 'சூளையில் உலர்த்தியது' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சீடார் மரம் கூடவே கூடாது. அந்த வாசனை நமக்குப் பிடிக்கும், சின்சில்லாவின் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் ஆகாது. சில பைகளில் பைனோடு சீடாரைக் கலந்திருப்பார்கள், சிலவற்றில் செயற்கை வாசனை சேர்த்திருப்பார்கள். சிறிய எழுத்தில் இருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். சுருள் பெரிதாக இருக்க வேண்டும். மாவு போன்ற மரத்தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். மக்காச்சோளக் கட்டைத் துண்டுகள் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூனைகளுக்குப் போடுகிற, கட்டியாக இறுகும் களிமண் குடலிலும் அதே மாதிரி இறுகும். காகிதக் கூழ் படுக்கையைத் தின்கிற சின்சில்லாக்களும் உண்டு, அது ஈரத்தில் உப்பிக்கொள்ளும்.

பெரிய வளர்ப்புப் பிராணிக் கடைகளில் சின்னச் சின்னப் பையாக வாங்கிக் கட்டுப்படியாகாது. குதிரை லாயத்துக்காகப் பண்ணைப் பொருள் கடைகளில் அழுத்திக் கட்டிய பெரிய மூட்டைகள் விற்கிறார்கள். அதே பைன் சீவல்தான், விலை பல மடங்கு குறைவு. எவ்வளவு தேவைப்படும்? கிரிட்டர் நேஷன் என்ற பெயரில் விற்கும் கூண்டின் தட்டு ஏறக்குறைய 3 அடி நீளம், 2 அடி அகலம். 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். இங்கேதான் பலருக்கும் சீவல் மேல் வெறுப்பு வருகிறது. கூண்டோடு வரும் பிளாஸ்டிக் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கும். சின்சில்லா ஒரு துள்ளு துள்ளினால் பாதிச் சீவல் தரையில். விளிம்பு 3 அங்குலமாவது உயரமுள்ள உலோகத் தட்டு வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்; பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்னும் ஆபத்தும் அதோடு போகும்.

இவ்வளவு சொன்னதால் ஃபிளீஸ் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை: கழிவு கண்ணுக்குத் தெரியும். சின்சில்லா ஒரு நாளைக்கு 200-க்கும் மேல் புழுக்கை போடும். நலமாக இருந்தால் நெல்மணியைவிடப் பருத்து, உலர்ந்து, ஒரே அளவில் இருக்கும். வயிறு மந்தப்படத் தொடங்கியதும் அவை சிறுத்து, கூர்ந்து, எண்ணிக்கை குறைந்துவிடும். சீவலுக்குள் இது தெரிய நாளாகும். வெளிர் நிறத் துணியில் காலையில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மூத்திரத்தின் நிறமும் அப்படித்தான். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை இயல்பு. சிவப்பாகத் தெரிந்தால் தின்ற கீரையின் நிறமாகவும் இருக்கலாம், இரத்தமாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அறுவை சிகிச்சை முடிந்து காயம் ஆறும் நாட்களில் சீவல் தூசு ஒட்டாமலிருக்கவும் துணிதான் ஏற்றது.

துணி போடுவதென்றால் முதலில் ஒரு சோதனை. 15 செ.மீ. சதுரமாக ஒரு ஃபிளீஸ் துண்டை வெட்டுங்கள். அதே அளவில் ஒரு காகிதத்தையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சின்சில்லா சுறுசுறுப்பாக இருக்கும் அந்தி நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது துணியைக் கூண்டுக்குள் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் காகிதத்தின் மேல் விரித்துப் பாருங்கள். மூலை ஈரமாகி, ஓரத்தில் பிறை பிறையாகக் கடித்த தடம் இருந்து, கீழே துணுக்கு ஒன்றும் கிடக்கவில்லை என்றால் அது உள்ளே போயிருக்கிறது. அந்தச் சின்சில்லாவுக்கு ஃபிளீஸ் வேண்டாம், இதில் சமாதானம் ஏதுமில்லை. சில மாலைகள் தொடர்ந்து செய்தும் துணியைத் தொடவே இல்லையென்றால் மேலே போகலாம்.

பந்து பந்தாகச் சுருளாத ரக ஃபிளீஸைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரத்தில் இது நூல் பிரியாது என்பதுதான் மற்ற துணிகளைவிட இதற்குள்ள தகுதி. துவாலைத் துணியின் கண்ணிகளில் நகம் மாட்டிக்கொள்ளும், அதைத் திறந்தபடி விரிக்கவே கூடாது. தைப்பது எளிது. தட்டைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக இரண்டு துண்டு வெட்டி, மூன்று பக்கம் தைத்து, தையல் உள்ளே போகும்படி திருப்பினால் தலையணை உறை மாதிரி வரும். தட்டுக்கு மாட்டி, திறந்த பக்கத்தை அடியில் செருகிவிடுங்கள். தூக்கிக் கடிக்க ஓரமே கிடைக்கக் கூடாது. பெரும்பாலான விபத்துகள் தளர்ந்து தூக்கிக்கொண்டிருக்கும் ஓரத்தில்தான் தொடங்குகின்றன.

துணி போட்டும் நாறுகிறது என்று குறைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஃபிளீஸ் ஈரத்தை உறிஞ்சாது, கீழே கடத்திவிடும், அவ்வளவுதான். கீழே உறிஞ்ச ஒன்றும் இல்லையென்றால் மூத்திரம் தட்டில் தேங்கி அம்மோனியா நெடி கிளம்பும். உறைக்குள் ஒரு தடித்த பருத்தித் துணி இருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த புதுத் துணியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். வெந்நீரில் மூன்று நான்கு முறை துவைத்தபின் ஒரு கரண்டி நீர் ஊற்றிப் பாருங்கள், சட்டென்று இறங்க வேண்டும். சாஃப்டனர் சேர்த்தால் இழையின் மேல் ஒரு படலம் படிந்து பழையபடி நீர் நிற்கும். வாசனையில்லாத சோப்பும் அரை கோப்பை வெள்ளை வினிகரும் போதும். துவைக்குமுன் வெளியே நன்றாக உதறி, வலைப்பையில் போட்டுத் துவையுங்கள், இல்லாவிட்டால் முடியும் புல்லும் மெஷினை அடைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப விரிக்க வேண்டும். அந்த அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் புகுந்தால் எளிதில் உலராது, பூஞ்சை பிடிக்கும். மூன்று உறைகளாவது கைவசம் இருந்தால்தான் இதெல்லாம் சாத்தியம்.

இரண்டில் எதை எடுத்தாலும் நாற்றத்தைத் தீர்மானிப்பது மூத்திர மூலைதான். சின்சில்லாவைப் புழுக்கைக்குப் பழக்க முடியாது, மூத்திரத்துக்கு ஓரளவு பழக்கலாம். அது ஏற்கனவே எந்த மூலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறதோ, அங்கேயே ஓர் உலோகத் தட்டில் 3 செ.மீ. சீவல் போட்டு வையுங்கள். திமோதி என்ற தீவனப் புல் வைக்கும் கூடையை அதற்கு மேலேயே மாட்டுங்கள். தின்றுகொண்டே மூத்திரம் போகிற பழக்கம் சின்சில்லாவுக்கு உண்டு. துணியில் புல் ஊசி ஊசியாகக் குத்தி நிற்பதும் இதனால் குறையும். இந்தத் தட்டை நாள்தோறும் மாற்றினால், ஒரே ஒரு சின்சில்லா இருக்கும் கூண்டில் மற்ற சீவலை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். துணியென்றால் தினமும் பிரஷ்ஷால் கூட்டி, மூன்று நான்கு நாளுக்கொருமுறை கழற்றித் துவைக்க வேண்டும். தட்டில் வெள்ளையாகப் படியும் கறைக்கு வினிகரும் நீரும் சரிபாதியாகக் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள்.

கடிக்காத சின்சில்லா என்று உறுதியானால் நான் சொல்லும் ஏற்பாடு இதுதான்: அடித்தளத்தில் உயர விளிம்புத் தட்டு நிறையச் சீவல், மேல் அடுக்குகளில் ஃபிளீஸ் உறை. கோடையில் அறை வெப்பம் 24 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மேல் அடுக்குத் துணி ஒன்றைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு கிரானைட் பலகை வையுங்கள், படுத்துக் குளிர அதுதான் தோது. இருக்கும் படுக்கையை ஒரே நாளில் முழுதும் மாற்ற வேண்டாம். பழைய ஈரச் சீவலில் ஒரு பிடியை மூத்திரத் தட்டில் விட்டுவையுங்கள், இடம் மாறாமல் இருக்கும். மாற்றிய பிறகு முதல் சில நாட்கள் புழுக்கையைக் கவனியுங்கள். அரை நாளாகத் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், இத்தகைய சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள். போகும்போது கடிபட்ட துணியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று அவர் கணிக்க அது உதவும்.