கென்யாவின் டுக்காக்களைத் தொடங்கியவர்கள் ரயில் கூலிகளா?

“உகாண்டா ரயில் பாதை போட வந்த இந்தியக் கூலிகள் ஊர் திரும்பாமல் தங்கிக் கடை வைத்தார்கள், கென்யாவின் டுக்காக்கள் (இந்தியர் நடத்திய சிறு கடைகள்) அப்படித்தான் பிறந்தன” என்ற செய்தி பரவுகிறது. பெரும்பாலும் தவறு.

கென்யா வழியாக உகாண்டா நோக்கிப் போட்ட இந்தப் பாதைக்காக 1896 முதல் 1901 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 32,000 பேர். பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். தங்கியவர்கள் 6,700 பேர் அளவில்தான், மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். தங்கியவர்களிலும் பலர் ரயில்வே வேலையிலும் கைத்தொழிலிலும் இருந்தார்கள்.

கடைக்காரர்களில் பெரும்பான்மையினர் குஜராத், கட்ச், கத்தியவாரிலிருந்து சொந்தச் செலவில் வந்தவர்கள். கட்ச்காரரான அலிதினா விஸ்ராம் ரயிலுக்கு முன்பே இன்றைய தான்சானியாவின் கடற்கரை ஊரான பாகமோயோவிலிருந்து உள்நாட்டுக்கு வணிகம் செய்தவர். பாதை நீள நீள அதையொட்டிக் கடைகளைத் திறந்தார். பெரிய வணிகர் கடனில் சரக்கு தருவார். சிறு கடைக்காரர் துணி, உப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய் விற்று அடைப்பார். வெள்ளைக் குடியேறிகளும் கணக்கில் வாங்கிக்கொண்டு, அறுவடைக்குப் பிறகே பணம் தந்ததுண்டு. விளைச்சல் பொய்த்தால் அந்தக் கடன் கடைக்காரர் தலையில்தான் விழும்.

இவர்கள் விவசாயத்துக்குப் போகாததற்கு ‘வியாபார புத்தி’ காரணம் என்பதும் அநியாயம். வெள்ளைக் குடியேறிகளுக்கென ஒதுக்கிய ‘வெள்ளையர் மேட்டுநிலத்தில்’ இந்தியர் பண்ணை நிலம் வாங்க பிரிட்டிஷ் காலனி அரசு தடை வைத்திருந்தது. பிரிட்டிஷ் அரசின் 1923 வெள்ளை அறிக்கையும் (கொள்கை அறிக்கை) அதை நீக்கவில்லை.