மீன் பையில் சாகவில்லை, உங்கள் தொட்டியில் செத்தது

"ரெண்டும் டெட் ப்ரோ. பணத்தை ஜிபே பண்ணிடுங்க." நான் வளர்த்து பஸ்ஸில் அனுப்பிய மீன் ஜோடியை வாங்கியவர் அனுப்பிய செய்தி இது. படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

ஆம்னி பஸ் விடியற்காலை 5 மணிக்கே சென்னை கிளாம்பாக்கம் போய்விட்டது. டிரைவர் கூப்பிட்டார், இவர் எடுக்கவில்லை. நான் கூப்பிட்டேன், ரிங் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி டிரைவர், மறுபடி நான். கடைசியில் டிரைவர் என்னைத் திட்டிவிட்டுப் பெட்டியை பார்சல் கவுண்டரில் இறக்கி வைத்தார். மேலே தகரக் கூரை. 9 மணிக்கு, "இதோ கிளம்பிட்டேன் ப்ரோ." பத்தரைக்கு, "டிராஃபிக் ப்ரோ." பன்னிரண்டரைக்குத்தான் போய் எடுத்தார்.

அப்போதும் ஜோடி உயிரோடுதான் இருந்தது! அவரே அனுப்பிய வீடியோவில் பைக்குள் இரண்டும் நீந்துகின்றன. முந்தின நாள் தீனியை நிறுத்தி, பையில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆக்சிஜன் அடித்து, இரட்டைப் பை போட்டு, தெர்மோகோல் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தேன். அதனால் தாங்கின. அவர் என்ன செய்தார் தெரியுமா? பையை அறுத்து அப்படியே போர் தண்ணீரில் கவிழ்த்தார்.

பீட்டா சன்னாய்டஸ் சார் அது, ஃபைட்டர் மீனின் காட்டுச் சொந்தம்! போர்னியோ காட்டோடையில், அமிலத்தன்மையுள்ள மென்மையான தண்ணீரில் வாழ்கிற மீன். ஆர்ஓ தண்ணீர் வையுங்கள், பாதாம் இலை போடுங்கள், பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கலந்து விடுங்கள் என்று எழுதியும் அனுப்பினேன், பேசியும் சொன்னேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

இந்த இனத்தில் ஆண் மீன்தான் முட்டைகளை வாயில் அடைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு வாரம் எதுவும் தின்னாமல் கிடக்கும். யாராவது தொட்டியருகே வேகமாக நடந்தாலும் மிரண்டு விழுங்கிவிடும் என்று வீட்டில் எல்லோரையும் அடக்கி வைத்திருந்தேன். ஒரு ஈட்டில் பத்திருபது குஞ்சு தேறினாலே பெரிய விஷயம். அதற்குத் தீனியாக வேளாவேளைக்கு ஆர்டீமியா என்கிற பொடி இறால் முட்டையைப் பொரிக்க வேண்டும், பழைய தண்ணீரை மாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் அவர் முதலில் கேட்டது, "கொளத்தூர்ல ஃபைட்டர் 50 ரூபாய்க்குக் கிடைக்குது, இதுவும் ஃபைட்டர்தானே, லாஸ்ட் ரேட் சொல்லுங்க." அப்போதே இவருக்கு மீன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

பஸ் வந்து 2 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், பையைப் பிரிக்காமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், அதில் மீன் செத்திருந்தால் முழுப் பணமும் திரும்பும். மீன் வளர்த்து விற்கிற பலரும் சொல்வது இது போலத்தான். இவருக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். இப்போது மீன் வளர்ப்பவர்கள் குழுவில் என்னைச் சீட்டர் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதட்டும். அந்த வீடியோவை நானும் போடுகிறேன்.

அதே வீடியோவில் பக்கத்துத் தொட்டி தெரிகிறது. உள்ளே ரோஸ், பச்சை, நீலம் என்று கண்ணாடி மீன்கள். நம் ஊர் ஆற்றில் உடம்புக்குள் எலும்பு தெரிய நீந்துகிற மீனைப் பிடித்து ஊசியால் சாயம் ஏற்றி விற்கிறார்கள், சில மாதங்களில் அந்தச் சாயமும் வெளுத்துப் போகும். அதைப் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். யாரய்யா வாங்குகிறீர்கள் அதையெல்லாம்? வாங்குகிறவர்கள் இருப்பதால்தானே குத்துகிறார்கள்!