இளநீர் குடித்தால் டயாலிசிஸ் தேவையில்லையா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் கத்திரி வெயிலோடு ஒரு செய்தியும் சுற்றுகிறது: "சிறுநீரகம் பழுதானவர்கள் தினமும் மூன்று இளநீர் குடித்தால் கழிவெல்லாம் வெளியேறிவிடும், டயாலிசிஸ் தேவையில்லை." இது தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

இளநீரில் பொட்டாசியம் அதிகம்; 100 மில்லியில் ஏறத்தாழ 200 மில்லிகிராம். நலமான சிறுநீரகம் அதைச் சமாளித்துவிடும். இரத்தத்திலிருந்து வடிகட்டப்பட்ட பொட்டாசியத்தின் பெரும்பகுதியை, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் உருவாகும் நுண்குழாயின் முற்பகுதிகள் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. எவ்வளவு வெளியேற வேண்டும் என்பது கடைசிப் பகுதியில்தான் தீர்மானமாகிறது. அங்குள்ள செல்களின் சவ்வில் ரோம்க் என்னும் புரதக் கால்வாய்கள் இருக்கின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் செல்கள் சோடியத்தை உள்ளிழுக்க, பொட்டாசியம் அந்தக் கால்வாய்கள் வழியே சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீர் ஓட்டம் வேகமெடுத்தால் பிகே என்ற இன்னொரு வகைக் கால்வாயும் திறக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் நிற்பது இப்படித்தான்.

நுண்குழாய்கள் பெருமளவு அழிந்துவிட்டால் வெளியேற்றும் வழியே குறுகிவிடுகிறது. பொட்டாசியம் தேங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். பல நேரம் முன்னறிகுறியே இருக்காது. அன்போடு அப்பாவுக்கு இளநீர் வெட்டித் தரும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதைக்கிறது.

இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பவை பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவும் வேண்டாம், டயாலிசிஸை நிறுத்தவும் வேண்டாம்.