கிழக்கு ஜெர்மனியின் 98.85 விழுக்காடு மக்களின் ஒப்புதல் அன்று

கிழக்கு ஜெர்மனியின் 1989ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் 98.85 விழுக்காட்டினர் அரசை ஆதரித்தனர் என்றும், ஒரு கட்சி ஆட்சியில் மக்கள் மனநிறைவோடு வாழ்ந்ததற்கு அதுவே சான்று என்றும் கூறும் செய்தி ஒன்று செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் புலனக் குழுக்களில் பகிரப்படுகிறது. அப்படியோர் எண் அறிவிக்கப்பட்டது உண்மை. அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு முற்றிலும் தவறு.

கோலாலம்பூரில் நாம் மறைவிடத்தில் நின்று, போட்டியிடும் பலருள் ஒருவருக்குக் குறியிடுகிறோம். கிழக்கு ஜெர்மனியில் தரப்பட்ட தாளில் ஆளுங்கட்சி வழிநடத்திய ஒரே அணியின் பட்டியல்தான் இருந்தது. ஆதரிப்பவர் எதையும் எழுத வேண்டியதில்லை; அலுவலர்கள் பார்த்திருக்கத் தாளை மடித்துப் பெட்டியில் போட்டால் போதும். எதிர்ப்பவரோ பெயர்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். அதற்காக மறைவிடத்துக்குள் நுழைவதே சந்தேகத்துக்குரிய செயலாகக் கருதப்பட்டது. வேலை, வீடு, பிள்ளையின் பல்கலைக்கழக இடம் ஆகியவை அரசின் கையில் இருக்கும்போது, எத்தனை பேர் அந்தச் சில அடிகளை எடுத்து வைக்கத் துணிவார்கள்? முற்றதிகார ஆட்சியின் அச்சுறுத்தல் இத்தகைய அன்றாட நடைமுறைகளில்தான் மிக ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதே என் கருத்து.

இவ்வளவு செய்தும் வாக்கு எண்ணிக்கை பொய்யாக மாற்றப்பட்டது. தேர்தல் நாளான மே 7 அன்று கிழக்கு பெர்லினில் வாக்கு எண்ணும் இடங்களுக்கே சென்று குடிமக்கள் குறித்துவைத்த எதிர்ப்பு வாக்குகள், அரசு அறிவித்ததைவிட அதிகமாக இருந்தன. டிரெஸ்டன் நகரின் அன்றைய மேயர் வொல்ப்காங் பெர்கோபர் 1992இல் தேர்தல் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். மறைவாக வாக்களிக்கும் உரிமை கிடைத்த 1990 மார்ச் தேர்தலில், பெயரை மாற்றிக்கொண்டு நின்ற அதே ஆளுங்கட்சி பெற்றது 16.4 விழுக்காடு.