சருகை எரித்தால் சத்து மண்ணுக்கு வருமா?

"கொல்லையில் விழும் சருகை எரித்துச் சாம்பலைத் தூவுங்கள், இலையில் இருந்த சத்து மொத்தமும் செடிக்குக் கிடைக்கும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கடலூர்ப் பக்கம் சுற்றுகிறது. பாதிகூட உண்மையில்லை. எரிக்கும்போது தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் கரிமமும் (கார்பன்) அப்படியே. சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்பு, கொஞ்சம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), அவ்வளவுதான்.

தேவனாம்பட்டினம் போலக் கடலோரத்து மணல்பாங்கான இடத்தில் தண்ணீர் ஊற்றிய வேகத்தில் இறங்கிவிடும், அதைப் பிடித்து வைக்க மக்கு, அதாவது மக்கிய இலைதழை, வேண்டும், மக்காகப் போகிற சருகையே கொளுத்திவிட்டு அப்புறம் காசு கொடுத்து உரமூட்டை வாங்குவது என்ன கணக்கோ!

பலா இலையோ முந்திரி இலையோ, உடைத்து 2, 3 அங்குல உயரத்துக்குச் செடியைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். முந்திரி இலை மக்கத் தாமதமாகும், சரி, அதுவரை சித்திரை வெயிலில் ஈரத்தைக் காக்கும்.

அடுப்புச் சாம்பல் இருந்தால் ஒரு கைப்பிடி போடலாம். காரத்தன்மை உள்ளது, அள்ளிக் கொட்ட வேண்டாம். பச்சைச் சாணியோடும் கலக்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.